டாக்டரம்மா மூடிய கிணறு

டாக்டர் முப்பிடாதி பிறந்த வீட்டைப் பார்க்க ஈப்போவிலிருந்து தென்காசிக்கு வந்த என்னிடம், அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆள் ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டி, "பைக்கா, காரா?" என்று கேட்டார். நான் நடந்து வந்திருந்தேன். வீடு இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வண்டிகள் நின்றன. ஒரு மூலையில் பழைய அடுப்படிச் சுவர் மட்டும் கரி படிந்து மிச்சம் இருந்தது. ஏதாவது பெயர்ப்பலகை உண்டா என்று தேடினேன். உண்டு. "தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு" என்று எழுதியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் பிறந்த டாக்டரம்மா யார் என்று தெரியுமா உங்களுக்கு என்று அந்த ஆளைக் கேட்டேன். "எந்த டாக்டரு? எலும்பு முறிவா?" என்றார்.

எலும்பு முறிவு இல்லை ஐயா. குடிதண்ணீர் வழியாகக் குடலுக்குள் போகும் காய்ச்சலைப் பற்றி எந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் பாடம் நடந்தாலும் அவர் பெயர் வரும். காய்ச்சலுக்குக் காரணம் தெய்வக் குற்றமும் இல்லை, காற்றும் இல்லை, நீங்கள் குடிக்கும் கிணறுதான் என்று கிணறு கிணறாக நடந்து நிரூபித்தவர். அந்த நடையெல்லாம் இந்தத் தென்காசி வட்டாரத்தில் நடந்ததுதான். நான் ஈப்போவில் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எங்களுக்கு இரண்டு வாரம் வகுப்பெடுக்க வந்தார். குப்பியில் சீட்டு ஒட்டாமல் தண்ணீர் பிடித்ததற்காக என் விரல் முட்டியில் பென்சிலால் ஒரு போடு போட்டார். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் ஆஸ்பத்திரி மலருக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை, புகைப்படங்களோடு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காக வந்தேன். வந்த இடத்தில் எனக்கு டோக்கன் கொடுக்கிறார்கள்.

தெருமுனையில் ஆட்டோவோடு காத்திருந்தார் காஜா. நாற்பது வயது இருக்கும். சவூதியில் தம்மாமில் எட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, போதும் என்று சொந்த ஊரான வடகரைக்கே திரும்பியவர். காலையில் பஸ் நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கியபோது, "எங்க போணும் ஆச்சி?" என்று கேட்டார். எனக்கு அறுபத்தொன்றுதான் ஆகிறது. ஆச்சி என்று கூப்பிட்டால் நடந்தே போய்விடுவேன் என்றேன். அன்றைக்கே அது "யம்மா" ஆகிவிட்டது. மூன்று நாளைக்கு அவரையே வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தேன்.

அடுத்தது அவர் படித்த பள்ளிக்கூடம். வாசலில் பெரிய பலகை வைத்து, "எங்கள் பள்ளியின் பெருமைகள்" என்று பெயர்கள் எழுதியிருந்தார்கள். டிவி பாட்டுப் போட்டியில் அரையிறுதி வரை போன ஒரு பெண் இருந்தாள். துபாயில் கடை வைத்திருக்கும் மூன்று பேர் இருந்தார்கள். முப்பிடாதி இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். ஆசிரியை ஒருவர் மிகவும் மரியாதையாக, "பலகைக்கு நன்கொடை குடுத்தவங்க பேரு மேடம்" என்றார். செத்துப்போனவர் எப்படி அம்மா நன்கொடை கொடுப்பார்?

வயிற்றெரிச்சலோடு சாப்பிடப் போனால் ருசிக்காது என்பார்கள். பொய். செங்கோட்டைப் பக்கம் காஜா கூட்டிப்போன கடையில் பொரோட்டாவும் பொரித்த கோழியும் சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் எனக்கு உயிர். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பொரோட்டா அதைத் தோற்கடித்துவிட்டது. நான்காவதைக் கேட்டபோது பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும்.

சாப்பிடும்போது காஜாவுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். அவர் மகள் சுமையாவுக்கு ஒன்பது வயது. நான்கு நாளாகக் காய்ச்சல்.

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தோம்மா. ஏறுது, எறங்குது. கூட ஒரு வைத்தியமும் நடக்கு. எறங்கிரும்."

நான்கு நாள் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். சரிம்மா என்றார். எந்த நாட்டிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் பயணியிடம் சொல்லும் அதே சரிம்மா.

இரண்டாம் நாள் குற்றாலம். சாரல் பிடித்திருந்தது. மலையைப் பார்த்ததும் முந்தின நாள் கோபமெல்லாம் கொஞ்சம் ஆறியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பேரருவியில் சோப்பு, ஷாம்பு கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்று ஒரு குடும்பமே தலைக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தது. சீசனில் ஊரே குளிக்க வரும்போது டாக்டர் மட்டும் குப்பிகளோடு வந்து, அருவிக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பிடிப்பாராம். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அந்த நுரை குடும்பத்து அம்மாவிடம், இந்தத் தண்ணீர்தானே கீழே வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது என்றேன். "அதான் போயிருதுல்லா?" என்றார் அவர். 

நானும் குளித்தேன். பெண்கள் பக்கம் முட்டி மோதி உள்ளே போனதும் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி விழுந்தது தண்ணீர். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஒரு பெண், நான் வழுக்கிவிடாமல் என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கத்திக்கொண்டே நின்றோம். வெளியே வந்தால் கரையில் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை ஒரு குரங்கு பிரித்துத் தின்றுகொண்டிருந்தது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் டாக்டர் வாடகைக்கு எடுத்து வேலை செய்த அறை இருக்கிறது. இப்போது அது எண்ணெய் மசாஜ் நிலையம். வாசலில் நின்றவர், "கழுத்துப் பிடிப்பாம்மா? பத்து நிமிசத்துல எடுத்துருதேன்" என்றார். உள்ளே டாக்டரின் கல்மேடை அப்படியே இருந்தது. கழிவு நீருக்குப் போட்ட ஓட்டை கூட இருந்தது. "இத ஏன் இடிக்கலன்னா, எண்ணெக் குப்பி வழுக்காம நிக்கும்" என்றார். திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் தென்காசி முழுக்க அவர் கைபட்ட பொருள் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பவர் இந்த மசாஜ்காரர் ஒருவர்தான். கல்மேடையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாளுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. வடகரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். டாக்டர் முதன்முதலில் மூட வைத்த கிணறு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த தெருவில் மட்டும் காய்ச்சலில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டு, அதன்மேல் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்கிற படம் எங்கள் பாடப்புத்தகத்தில் உண்டு. அதே பலகையில் நானும் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது என்று திட்டம். புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் ஒரு அலங்கார வளைவு. அதில் "காய்ச்சல் தீர்க்கும் டாக்டரம்மா கிணறு" என்று எழுதியிருந்தது. சிமெண்டுப் பலகையைக் காணோம். கிணற்றைச் சுற்றிப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மேலே கப்பி, கயிறு, வாளி. பக்கத்தில் சந்தனப் பொட்டும் மாலையுமாக டாக்டரின் படம். ஒரு ஐம்பது பேர் பாட்டிலும் கேனுமாக வரிசையில் நின்றார்கள்.

என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.  தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தவர் பேச்சிமுத்து அண்ணாச்சி, கிணற்றுக்குப் பொறுப்பானவர். இந்தக் கிணற்றைத்தானே டாக்டர் மூடச் சொன்னார் என்று அவரிடம் கேட்டேன்.

"ஆமா" என்றார் அவர் சந்தோஷமாக. "நான் சின்னப் பிள்ளையில பாத்துருக்கேன்லா. வாரா வாரம் வருவாவ. இதுலதான் குப்பி குப்பியா மொண்டு, பஞ்சு வச்சு அடைச்சு, பெட்டியில பூட்டி மெட்ராஸுக்குக் கொண்டுட்டுப் போவாவ. ஊர்ல வேற கெணறே இல்லையா? சும்மாவா இதுலயே வந்து மொண்டாவ? விசயம் இருக்கப் போயித்தான!"

"அப்புறம் எதுக்கு மூடினார்கள்?"

"கண்டவனும் வந்து மொண்டுரப்பிடாதுன்னுதான். பொக்கிசத்தத் தொறந்தா போடுவாவ?"

தலையில் அடித்துக்கொண்டேன். நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் எடுத்தார் ஐயா, நோய் இருந்தது, அதனால் மூடினார் என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு பெண், "அவ்வோ எடுத்துட்டுப் போன பொறவுதான ஊர்ல காய்ச்சல் நின்னுச்சு?" என்றாள். கிணற்றை மூடியதால் நின்றது. இவர்கள் கணக்கில், கிணறுதான் நிறுத்தியது. ஓட்டை கண்டுபிடிக்க முடியாத கணக்கு. காய்ச்சி ஆறவைத்தாவது குடிக்கிறீர்களா என்று கேட்டேன். காய்ச்சினால் சக்தி போய்விடும் என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

பேச்சு பயன்படாது என்று தெரிந்துவிட்டது. என் பையில் எப்போதும் இரண்டு சோதனைக் குப்பிகள் இருக்கும். அடியில் மருந்துத் தூள் போட்டது. தண்ணீரில் மலக்கழிவு கலந்திருந்தால் மறுநாள் கறுத்துவிடும். வாளியிலிருந்து ஒரு குப்பி பிடித்து, மூடி, சீட்டு ஒட்டி, பையில் வைத்தேன். அத்தனை பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். நாளைக்கு இந்தக் குப்பி பேசும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பினால் வரிசையில் காஜா நிற்கிறார், கையில் இரண்டு லிட்டர் பாட்டிலோடு.

"காஜா, இது யாருக்கு?"

"சுமையாவுக்குத்தாம்மா. நான் சொன்னேன்லா, ஒரு வைத்தியம் நடக்குன்னு. போன மாசம் எங்க உம்மாவுக்குக் காய்ச்சல். இதக் குடிச்சுத்தான் எந்திரிச்சாவ. அப்பமே பிள்ளையும் ஆசையா குடிச்சா."

 போன மாதம் குடித்திருக்கிறாள். இந்த மாதம் ஆறு நாளாகக் காய்ச்சல். அதற்கு மருந்தாக மறுபடி அதே தண்ணீர். பாட்டிலைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வண்டியை உன் வீட்டுக்கு விடு என்று, முதன்முறையாக அவரிடம் ஒருமையில் சொன்னேன்.

சுமையா பாயில் சுருண்டு கிடந்தாள். நாக்கு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வயிற்றைத் தொட்டதும் முனகினாள். இது டைபாய்டு மாதிரி இருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். காஜா தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு எறங்கிரும்னு அண்ணாச்சி சொல்லுதாரு" என்றார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஜீனத் வந்தார். "நான் மூணு நாளா சொல்லுதேம்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு. எம் பேச்சு ஏறுதா இவ்வோளுக்கு?" என்றவர், செருப்புக் கூடப் போடாமல் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தார். கேள்விக்கே இடமில்லை.

பாதி வழியில், இரண்டு பக்கமும் வயல், மேலே சாரல், ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்தது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. காஜா இறங்கி, அறுந்த வயரின் நுனியைக் குடைந்து எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் அதை இழுத்து இழுத்தே வண்டியை ஓட்டினார். தென்காசி வந்து சேர்ந்தபோது அந்த விரல் அறுபட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஜீனத் வழி முழுக்கப் பிள்ளையின் காதில் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், என்ன தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட ஆரம்பித்தார்கள். டைபாய்டாகத்தான் இருக்கும், காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் குடலே ஓட்டையாகியிருக்கும் என்றார். காஜா சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டத்தான் பக்கத்தில் போனேன். மனசு வரவில்லை.

மறுநாள் காலை குப்பி மை போலக் கறுத்திருந்தது. விமானத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. சுகாதாரத் துறை ஆள் ஒருவரைப் பிடித்துக் காட்டினேன். "ரெண்டு தடவ மூடிட்டோம் மேடம். ராத்திரியோட ராத்திரியா உடைச்சிருதாங்க. எழுதிக் குடுங்க, மறுபடி பாப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பார்ப்போம் என்பதற்குள் எத்தனை பிள்ளைகள் குடிக்கும்? கறுத்த குப்பியை எடுத்துக்கொண்டு காஜாவோடு நேராகக் கிணற்றுக்கே போனேன்.

வரிசை வளைவைத் தாண்டித் தென்னந்தோப்பு வரைக்கும் நின்றது. முந்தின நாளைவிட இரண்டு மடங்கு. புளியங்குடியிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும், "மலேசியா அம்மா வந்துட்டாவ!" என்று ஒரு குரல். சட்டென்று வழி விட்டார்கள். ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது. "டாக்டரம்மா மாதிரியே குப்பியில மொண்டு, சீட்டு ஒட்டிக் கொண்டு போனாவளாம். வெளிநாட்டுக்கே போவுது நம்ம தண்ணி."

நான்தான். இந்த வரிசையைச் சேர்த்தது நான். டாக்டர் செய்த அதே காரியத்தை, அதே கிணற்றில், அத்தனை பேர் பார்க்கச் செய்துவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த கோபம் வேறு யார்மேலும் அந்த நாலு நாளில் வரவில்லை.

குப்பியைத் தூக்கிக் காட்டினேன். பாருங்கள், நேற்று எடுத்த தண்ணீர், எப்படிக் கறுத்துப் போயிருக்கிறது என்று கத்தினேன். பேச்சிமுத்து அண்ணாச்சி அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியளா! கசாயமால்லா எறங்கியிருக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

காஜா முன்னால் போய், "அண்ணாச்சி, எம் பிள்ள இதக் குடிச்சு ஆஸ்பத்திரில கெடக்கா" என்றார்.  அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, "எறங்கிரும்டே. நம்பிக்கையா குடுக்கணும். நீ பாதியிலயே பாட்டில கவுக்க விட்டுட்டயே" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, பணிவாக, "உங்க போட்டோ ஒண்ணு குடுங்கம்மா. டாக்டரம்மாவுக்குப் பக்கத்துலயே மாட்டிருவோம்" என்றார்.

 கிணற்றுச் சுவர்மேல் இருந்த வாளியை எடுத்தேன். கப்பியிலிருந்து கயிற்றை உருவினேன். உருவிக்கொண்டே இருந்தேன், நீளமான கயிறு. யாராவது கையைப் பிடிப்பார்கள், ஒரு சண்டையாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "மலேசியாவுக்கு வேணும்போல. எடுத்துட்டுப் போட்டும்" என்றார் யாரோ. ஒரு பெரியவர் கயிற்றை நன்றாகச் சுருட்டி, வாளிக்குள் வைத்து, ஆட்டோவில் என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

தோப்பைத் தாண்டியதும் காஜா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்:

"நாளைக்கு வேற கயிறு போட்டுருவாவம்மா."

"அப்படியானால் நாளைக்கும் எடு."

"நானா? ஊர்க்காரனுவ கொன்னே போட்டுருவானுவ."

"படுத்துக் கிடப்பது உன் பிள்ளை" என்றேன். 

ஈப்போவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மலருக்கு டாக்டர் பிறந்த வீட்டின் படம் கேட்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது காஜாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் ஒரு பிள்ளை எதற்கோ அடம்பிடித்துக் கத்துவது கேட்கிறது.

"யம்மா, சுமையா வீட்டுக்கு வந்துட்டா. காய்ச்சல் சுத்தமா எறங்கிட்டு. கெணத்துத் தண்ணியாலதான்னு ஊரே சொல்லுது. போன வாரம் ரெண்டாவது கயித்த நான் எடுத்தேன். ரெண்டு அடியும் வாங்கினேன். இன்னைக்குக் காலையில மூணாவதும் போயிட்டு. அது நான் இல்லம்மா. ஜீனத்து."